ஒருபிடிப் பாறை

நம்ம பாட்டன் பூட்டனுக்கெல்லாம் முந்தி, மலையடிவாரத்துல கொம்பையூருன்னு ஒரு ஊரு. அந்த ஊர்ல ஒச்சம்மா, ஒச்சம்மான்னு ஒருத்தி இருந்தாளாம். நம்ம வகையறாதான். இடிமாவு இடிக்கிறதுல அவளுக்கு மிஞ்சி ஆளில்லைம்பாக. தினையை வறுத்து, சுக்குத் தட்டி, கருப்பட்டி சேத்து இடிச்சான்னா ஒரு மாசம் கெடாதாம்.

அப்ப மேக்க இருந்து மலையேறித்தான் உப்பு வரணும். வழியில ஒரு ஒத்தக்கொம்பன் யானை நின்னு மறிச்சுருச்சு. ஆறு மாசமா உப்பில்ல. கஞ்சியக் குடிச்சா வாயில ஒட்டல. மாடு கூடச் சோந்து படுத்துருச்சாம்.

அவ மாமன் மொக்கையன் யானையக் கொல்ல வேல்கம்போட கிளம்புனாரு. கூட நாலு பேரு. அதுல ஒருத்தன் ஒச்சம்மா தம்பி சன்னாசி.

“நானும் வாரேன் மாமா.”

“பொம்பளைக்கு அங்க என்ன தாயி வேலை?”

“மாவ உங்க கையில குடுத்தா மூணாம் நாளே காலி. நான் அளந்து போடுறேன்.”

போனாக, போனாக, பத்து நாளு போனாக. மழை. அட்டை. கால் வெடிப்புல ரத்தம். ஆளுக்குக் காலையில ஒரு பிடி, பொழுதுசாய ஒரு பிடி. அம்புட்டுத்தான்.

மேல போய்ப் பாத்தா, யானை செத்துக் கெடக்குதாம். தானாவே பள்ளத்துல விழுந்து, எலும்பு தெரியுது. மொக்கையன் வேல்கம்பக் கீழ போட்டுட்டு உக்காந்துட்டாரு. சிரிக்கவும் தெம்பில்ல.

அந்த எலும்புக்குப் பக்கத்துலயே மூணு பேரு சுருண்டு கெடந்தாக. மலைக்கு அந்தப் பக்கத்து ஆளுக. அவுகளும் யானையக் கொல்லத்தான் வந்துருக்காக. வயித்தத் தொட்டுத் தொட்டுக் காட்டுறாக. பாஷை புரியல, பசி புரியுது.

பையில மிச்சம், ஆறு பேருக்கு நாலு நாள் மாவு. நேரா இறங்குனா ஊருக்கும் நாலு நாள் நடை.

“குடுக்காத. நம்ம ஆளுகளுக்கே சரியா இருக்கு”ன்னாரு மொக்கையன்.

“வழி திறந்துருச்சு மாமா. நாளைக்கு உப்புக் கொண்டாற அந்தப் பக்கம் ஆளு வேணும்ல?”

பாதிய அளந்து குடுத்துட்டா.

இறங்குனாக. சன்னாசிக்குக் காய்ச்சல். மூணாம் நாளு ஒரு பாறையில உக்காந்தவன் எந்திரிக்கல.

“அக்கா, ஒரு பிடி இருக்கா?”

பை காலி. அவ பையப் புரட்டி உதறுனா. தையல்ல ஒட்டியிருந்தத நகத்தால சொரண்டி அவன் நாக்குல தடவுனா. அவன் சப்புனான். பெறகு சப்பல.

தை பிறந்ததும் உப்பு வந்துச்சு. கொண்டாந்தது அந்த மூணு பேருதான். ஒச்சம்மா கால்ல விழுந்தாக. மொக்கையன் மலையக் கைகாட்டி வாயத் திறந்தாரு, தம்பி செத்ததச் சொல்ல.

“சொல்லாத மாமா. சுமைய இறக்கட்டும்”னுட்டாளாம்.

குடுத்தது சரிதானான்னு சாகுறவரைக்கும் ஊரே அவகிட்டக் கேட்டுச்சு. “தெரியலப்பா, என்னைய விடுங்க”ம்பாளாம்.

வருசா வருசம் அந்தப் பாறைக்கு ஏறிப்போயி தம்பிக்கு ஒரு பிடி மாவு வைப்பா. ஒருதரம் வச்சுட்டுத் திரும்புறா, எவனோ வழிப்போக்கன் ஒருத்தன் அத எடுத்து அள்ளி அள்ளித் திங்கிறான். கூடப் போனவுக கம்ப ஓங்குனாக. அவ தடுத்துட்டா. அவன் கைய நக்கி முடிக்கிறவரைக்கும் பக்கத்துலயே உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தாளாம்.

“இன்னும் வேணுமாய்யா?”ன்னு கேட்டாளாம்.

அன்னையிலருந்து அது ஒருபிடிப் பாறை. ஏறுறவுக, இறங்குறவுக யாரா இருந்தாலும் கையில இருக்குறதுல ஒரு பிடி அங்க வச்சுட்டுத்தான் தாண்டணும். வேணும்னா எடுத்தும் திங்கலாம். யாரு, என்னன்னு அங்க ஒருத்தரும் கேக்கக்கூடாது.