தூங்கும் சீட்டு

மேடையில் அமர்ந்திருக்கும் தலைமை ஆசிரியை அவர்களே, பள்ளி நிர்வாகி அவர்களே, மறைந்த நம் வேன் மாமாவின் குடும்பத்தாரே, அவர் வண்டியில் வந்த பிள்ளைகளே, வணக்கம்.

எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. ஏன் என்று தெரியவில்லை. அதனால் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

நம் பழைய வேனின் கடைசி சீட்டுக்குத் 'தூங்கும் சீட்டு' என்று பெயர் வைத்திருந்தோம். அதில் உட்கார்ந்தவர்கள் பள்ளி வருவதற்குள் தூங்கிவிடுவார்கள்.

"ராத்திரி பூரா ஊரையா காவல் காத்தீங்க?" என்று மாமா கேலி செய்வார்.

ஒருநாள் ஒரு சின்னப் பெண், "தலையும் வலிக்குது மாமா. இறங்கினா சரியாப் போயிடும்" என்றாள். மாமாவின் சிரிப்பு நின்றுவிட்டது. அதுவரை அவளிடம் யார் கேட்டோம்? யாருக்குத் தோன்றியது?

அன்று மாலை, இதோ இங்கே இருக்கும் மெக்கானிக் அண்ணனை ஓட்டச் சொல்லிவிட்டு, மாமா கடைசி சீட்டில் உட்கார்ந்தார். திரும்பி வந்ததும் வாந்தி எடுத்தார்.

"என்னண்ணே, நீங்களும் தூங்குமூஞ்சி ஆயிட்டீங்களா?" என்று கேட்டார் மெக்கானிக் அண்ணன்.

"தூக்கம் இல்லடா. புகை."

வண்டிக்கு அடியில் புகைக்குழாய் துருப்பிடித்து ஓட்டையாகி, புகை தரை இடுக்கு வழியாக உள்ளே வந்திருக்கிறது. ஒட்டுப் போடலாம் என்றார் அண்ணன்.

"இங்க ஒட்டினா அங்க பிச்சுக்கும். என்ஜின்ல இருந்து வால் வரைக்கும் மாத்து."

இருவரும் அடியில் படுத்து, இறுகிப்போன போல்ட்டுகளை அறுத்து, குழாய், சைலன்சர், அதைத் தாங்கும் ரப்பர் எல்லாவற்றையும் மாற்றினார்கள். முடிவில் என்ஜினை ஓடவிட்டு, குழாயின் வாயைத் துணியால் அடைத்து, எங்காவது காற்று சீறுகிறதா என்று மாமா காதை வைத்துக் கேட்டாராம்.

அதற்குப் பிறகு கடைசி சீட்டில் ஒரே கூச்சல்.

"இதுக்கு நீங்க தூங்கினதே தேவலை" என்றார் மாமா.

பள்ளியின் இன்னொரு வேனையும் விடுமுறையில் பார்க்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குள் நெஞ்சுவலி அவரைக் கொண்டுபோய்விட்டது.

இதைச் சொல்லப் பயமாக இருக்கிறது. என் தங்கை அந்த வேனில் வருகிறாள். நேற்று அவளுக்குத் தலைவலி. அந்த வண்டியிலும் ஒரு தூங்கும் சீட்டு இருக்கிறதாம்.

நிர்வாகி அவர்களே, மாமாவின் பணியைத் தொடர்வோம் என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் சொல்கிறேன். அந்தக் குழாயை மாற்றும்வரை அவளை ஏற்றமாட்டேன். கையைப் பிடித்து நடத்தியே கூட்டி வருவேன். வழி முழுக்கத் தொணதொணவென்று பேசுவாள்.

பேசட்டும்.