என் சமையலறையில் வாதாடிய வக்கீலண்ணன்

மேடையில் இருக்கும் பெரியவர்களே, நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நிற்கிறவர்களே, எல்லோருக்கும் வணக்கம். இந்த இரங்கல் கூட்டத்தில் எனக்கு முன் பேசியவர்கள் அவரை முன்னாள் அமைச்சர் என்றார்கள், பன்னாட்டு மனித உரிமை வழக்கறிஞர் என்றார்கள். எனக்கு அவர் வக்கீலண்ணன். நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். சட்டைக் கம்பெனியில் காலர் தைக்கிறேன். பேச்சில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பதினான்கு வருடத்துக்கு முன் என் வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். கம்பெனியில் சங்கம் வைத்ததுதான் அவர் செய்த தப்பு. யாரையும் விசாரணை இல்லாமல் அடைத்துவைக்கலாம் என்று அப்போது ஒரு சட்டம் வந்திருந்தது. இன்றுவரை ஆளும் இல்லை, தகவலும் இல்லை. அந்தச் சட்டத்துக்குக் கை தூக்கியவர்களில் வக்கீலண்ணனும் ஒருவர். இதை நான் ஒளிக்க மாட்டேன். அவரே ஒளித்ததில்லை.

மூன்று வருடம் கழித்து, பதவியை விட்டுவிட்டு, வெளுத்துப்போன கறுப்புக் கோட்டோடு என் வாசலில் வந்து நின்றார்.

"உங்க வழக்க வெளிநாட்டு நீதிமன்றத்துக்குக் கொண்டுபோறேம்மா. அதுக்கு முன்னாடி ஒண்ணு தெரிஞ்சுக்கங்க. அந்தச் சட்டத்துக்கு ஓட்டுப் போட்டவன் நான்."

கதவைச் சாத்தினேன். மறுவாரமும் வந்தார், சாத்தினேன். நாலாம் வாரம் நல்ல மழை. "உள்ள வந்து தொலைங்க" என்றேன்.

அன்றிலிருந்து என் சமையலறைதான் நீதிமன்றம். அரசாங்க வக்கீல் மாதிரி எதிரே நின்று என்னை மிரட்டுவார். நான் பயப்படாமல் பேசப் பழக வேண்டுமாம். "உன் புருஷன் கலவரக்காரன்தானே? எவளோட ஓடிப்போனான்? நீ நடிக்கிறியா?" ஒருநாள் கரண்டியை ஓங்கிவிட்டேன். "எங்கய்யா கத்துக்கிட்ட இந்தப் பேச்ச?" என்று கத்தினேன். கைதட்டினவர், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எல்லாம் நான் சபையில பேசினதுதான் தங்கச்சி. மறக்கணும்னு பாக்குறேன், மனப்பாடமா இருக்கு."

தான் பேசிய பேச்சைத் தோற்கடிக்க எனக்கே சொல்லிக்கொடுத்தாரே! அப்படி ஒரு மனிதரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அவரிடமிருந்து போன் வரும். எந்த நாட்டில் இருந்தாலும் வரும்.

"தகவல் ஒண்ணும் இல்ல தங்கச்சி."

"இதச் சொல்ல ஒரு போனா? வக்கீலுக்கு வேற வேலையே இல்லையா?"

"நீ போனையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பியே, அதான்."

ஆமாம், உட்கார்ந்திருப்பேன். போன மூன்று சனிக்கிழமையும் உட்கார்ந்திருந்தேன். அவர் போய்விட்டது எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் உட்கார்ந்திருந்தேன். பதினோரு மணிக்குத்தான் எழுந்து உலை வைத்தேன். இத்தனை காலம் ஒருத்தருக்காகக் காத்திருந்தேன். இப்போது இரண்டு பேருக்காகக் காத்திருக்கிறேன்.

கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தபோது, அண்ணியைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்லிவிட்டுக் கேட்டார். "என்ன மன்னிச்சிட்டியா தங்கச்சி?"

என்னால் பொய் சொல்ல முடியவில்லை. "இன்னும் இல்லண்ணே. அவரு எங்கேன்னு தெரியட்டும்" என்றேன்.

சிரித்தார். "நல்ல பதில். நீதிபதி முன்னாடியும் இப்படியே நேரா பேசு."

இத்தனை வருடம் கழித்து இப்போதுதான் அந்த நீதிமன்றம் என்னைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டிருக்கிறது. அடுத்த மாதம் பதினேழாம் தேதி. "வக்கீலே போயிட்டாரு, வழக்க வாபஸ் வாங்கிக்க" என்று இரண்டு பேர் வீடு தேடி வந்து சொன்னார்கள். வாங்க மாட்டேன்! இதோ மேடையில் இருக்கிறாரே, அண்ணனின் ஜூனியர் வக்கீலம்மா, அவர் வாதாடுவார். நான் கூண்டில் ஏறுவேன். என் வீட்டுக்காரர் எங்கே என்று கேட்பேன். அவரைப் பிடித்துக்கொண்டு போனவர்கள் வாய் திறக்கும்வரை கேட்பேன்.

திறக்கிற அன்று உங்கள் படத்துக்கு முன்னால் வந்து நிற்பேன், அண்ணே. அன்றைக்கு நீங்கள் என்னிடம் இன்னொரு தரம் கேளுங்கள்.