மூன்றாவது பிஸ்டன்

நடுவட்டத்தில் ஆடி மாதம் துவைத்த துணி காய ஐந்து நாளாகும், சார். இங்கே எல்லாமே ஈரம்தான். இருபத்திரண்டு வருஷமாக ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவனுக்கு, தண்ணீருக்குள் நின்றுபோன காரை என்ன செய்யக் கூடாது என்று தெரியாமல் இருக்காது. ஆன்சி டீச்சரின் காருக்கு என்ன ஆனது என்று கேட்டீர்கள். நிதானமாகவே சொல்கிறேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் டீச்சர் கூடலூர் பள்ளிக்கூடத்திலிருந்து வந்துகொண்டிருந்தார். வீட்டுக்குத் திரும்பும் எஸ்டேட் ரோட்டில் ஓடை பாலத்தின் மேல் ஏறி ஓடியது. பாதி தாண்டியதும் கார் நின்றுவிட்டது. எனக்குப் போன் செய்தார். நான் ஒரு லாரிக்கு அடியில் படுத்திருந்தேன். தண்ணீர் எவ்வளவு உயரம் என்றுகூடக் கேட்காமல், "இன்னொரு தடவ சாவி போட்டுப் பாருங்க டீச்சர்" என்றேன். இன்ஜின் ஒரு நொடி பிடித்தது. பிறகு 'டம்' என்று ஒரு சத்தம். அது போனிலேயே கேட்டது.

மறுநாள் காரை இழுத்து வந்து திறந்தேன். ஏர் ஃபில்டர் ஊறிப்போய் சேறாக இருந்தது. ஆயில் பால் ஊற்றிய டீ மாதிரி. பிளக்குகளைக் கழற்றி இன்ஜினைச் சுற்றியதும் தண்ணீர் பீய்ச்சியடித்தது. நீளமான ஸ்க்ரூடிரைவரை ஒவ்வொரு ஓட்டையிலும் விட்டு, பிஸ்டன் எவ்வளவு மேலே வருகிறது என்று அளந்தேன். மூன்றாவது பிஸ்டன் மட்டும் கொஞ்சம் கீழேயே நின்றுவிட்டது. தண்ணீர் புகுந்த இன்ஜினில் சாவி போட்டதால், உள்ளே பிஸ்டனைத் தள்ளும் ராடு வளைந்துவிட்டது என்று அர்த்தம். அப்படிப்பட்ட இன்ஜின் ஓடும். எங்காவது ஓர் இடத்தில் ராடு உடைந்து, இன்ஜினைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும்.

சொல்லத்தான் இருந்தேன். ஆனால் போன வருஷம் எஸ்டேட் ஜீப் ஒன்றில் ஒரு போல்ட்டைச் சரியாக முறுக்காமல் விட்டிருந்தேன். இன்னொரு தப்பு நடந்தால் எஸ்டேட் வண்டி ஒன்றுகூட உன்னிடம் வராது என்று மேனேஜர் சொல்லியிருந்தார். அதிலிருந்து யார் ஒர்க்‌ஷாப் வாசலில் வந்து நின்றாலும் மேனேஜர் அனுப்பிய ஆளோ என்றுதான் முதலில் பார்ப்பேன்.

வியாழக்கிழமை காலையில் டீச்சர் வந்தார். என் மகள் மனிஷாவுக்கு மூன்றாம் வகுப்பு எடுத்தவர்.

"தனசிங் அண்ணா, நான் ஏதாச்சும் தப்பாப் பண்ணிட்டேனுங்களா?" என்றார். "என் போன்ல பேசறதெல்லாம் தானாப் பதிவாயிரும். திருப்பிக் கேட்டேன். நீங்க சாவி போடச் சொன்னீங்க, நான் போட்டேன். அவ்வளவுதானே? என் வீட்டுக்காரர் ஞாயித்துக்கிழமை வர்றார். அதை இன்சூரன்ஸ்காரங்களுக்கு அனுப்பணும்கறார்."

கையைத் துணியில் துடைத்துக்கொண்டேன்.

"இன்ஜினுக்கு ஒண்ணும் இல்லைங்க டீச்சர். ஃபில்டரும் ஆயிலும் மாத்தியாச்சு. தாராளமா எடுத்துட்டுப் போங்க."

"டக்டக்குனு சத்தம் வருதுங்களே?" என்றார், வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டு.

"தண்ணி போன வண்டி. ரெண்டு நாள் அப்படித்தான் இருக்கும்."

டீச்சருக்கு முகம் தெளிந்தது. கூடலூர் இறக்கத்தில் கிளம்பிப் போனார். நான் பைக்கில் பின்னால் போனேன். வழியில் நின்றுவிட்டால் யாராவது உதவ வேண்டுமல்லவா.

நான்காவது வளைவுக்கு முன்னால் ராடு உடைந்தது. ரோட்டில் கறுப்பாக ஆயில் கோடு விழுந்தது. இன்ஜின் இறுகிவிட்டால் ஸ்டியரிங் கல்லாகிவிடும், பிரேக்கும் கேட்காது. கார் வளைவில் திரும்பவில்லை. தடுப்பை உடைத்துக்கொண்டு தேயிலைக்குள் இறங்கியது. அப்போது எனக்கு இருந்த பயத்தை உங்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது, சார். ஆனாலும் பைக்கை ரோட்டோரம் இருந்த தேயிலை எடைபோடும் கொட்டகைக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். ரோட்டில் விட்டால் நனையும்.

கீழே இறங்கினேன். டீச்சர் கண் திறந்திருந்தார்.

"அண்ணா, வந்துட்டீங்களா. கால் மாட்டிக்கிச்சு. நூத்தியெட்டுக்குப் போடுங்க."

அவருடைய போன் சீட்டுக்கு அடியில் கிடந்தது. முதலில் அதை எடுத்து அணைத்து என் சட்டைப்பையில் போட்டேன். பிறகு என் போனைக் காதில் வைத்து, இடத்தைச் சொல்லி, வளைவின் எண்ணையும் சொன்னேன். "போட்டாச்சுங்க டீச்சர். கூடலூர்ல இருந்து கிளம்பிட்டாங்க" என்றேன்.

மூடுபனி இறங்கியிருந்தது. மேலே இரண்டு பஸ் போனது. டிரைவர்களுக்கு ஆயில் கோடு தெரிந்திருக்காது. தூக்கம் வரக் கூடாது என்று டீச்சர் என்னோடு பேசிக்கொண்டே இருந்தார். மனிஷா இப்போது என்ன படிக்கிறாள் என்று கேட்டார். நர்சிங் என்றேன். "நல்லா வருவா" என்றார். நடுவில் இரண்டு முறை, "இன்னும் வரலீங்களா?" என்றார். பாதி வழி வந்துவிட்டார்கள், மழையல்லவா, மெதுவாகத்தான் வருவார்கள் என்று சொன்னேன். முக்கால் மணி நேரம், மூச்சு நிற்கும்வரை, அவர் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். அதையும் வாக்குமூலத்தில் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

இல்லை, சார். நூற்றியெட்டுக்கு நான் போடவே இல்லை. யாருக்கும் போடவில்லை. போனைக் காதில் வைத்தேன், அவ்வளவுதான். பயம் மனுஷனை என்ன பாடு படுத்தும் என்று எனக்குத் தெரியும். டீச்சர் பயப்படக் கூடாது என்றுதான் அப்படிச் சொன்னேன்.