கட்டிலுக்கு நேர் மேலே

அங்க இல்ல மேஸ்திரி, அங்க தட்டி என்ன பிரயோஜனம்? இங்க வா. இந்தக் கட்டிலுக்கு நேர் மேல பாரு. தலையணை இருக்கில்ல, அதுக்கு மேல, மாடியிலதான் நிக்குது அந்தச் சனியன். ஆறடி நீளம், என் நெஞ்சு உசரம். முழுக்கக் கடல்தண்ணி. வெறும் தண்ணின்னாகூடப் பரவால்ல, உள்ள பாறை, மணல், கிளிஞ்சல்னு ஒரு கரையையே கொண்டாந்து கொட்டி வச்சிருக்காரு. மீன்தொட்டியாம்! அத்தனை பாரமும் என் தலைக்கு மேல. செருப்பைக் கழட்டிட்டுக் கட்டில் மேலயே ஏறு. விரிப்பை எடுத்துட்டேன்.

யாரா? விசாரிச்சுட்டு வரமாட்டியா நீ? மேல இருக்கறது குடித்தனக்காரன் இல்லப்பா. என்னைக் கட்டின புருசன்தான். பேரு சோவா. தேமா துறைமுகத்துல ஐஸ் ரூம் மெக்கானிக்கா இருந்து ரிடையர் ஆனாரே, அவருதான். ஆமா, அதே ஆளு. உனக்கு எப்படி அவரைத் தெரியும்? உங்கப்பாகூட வேலை பாத்தாரா? ம். இதை ஏன் வாசல்லயே சொல்லல? சரி சரி, தட்டு. நான் யாரையும் சந்தேகப்படற ஆளில்ல. கேட்டு வச்சுக்கறேன், அவ்வளவுதான்.

முதல்ல ஒரு கண்ணாடிதான் வந்துச்சு. சந்தை ரோட்டுல ஒரு துணிக்கடையை மூடினாங்கல்ல, அந்தக் கடையோட முகப்புக் கண்ணாடி. நாலு பேரு தூக்கிட்டு மாடி ஏறுறாங்க. அவருக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை கிடையாது, அதனால தூக்கினவன்கிட்டக் கேட்டேன். ஜன்னலுக்குன்னான். மாடியில இருக்கறதே ரெண்டு ஜன்னல், ரெண்டுக்கும் மரக்கதவு. பொய் சொல்றவன் அதையாவது பாத்துட்டுச் சொல்லவேண்டாமா?

அப்புறம் உடைஞ்ச படகோட பலகை வந்துச்சு. அப்புறம் ரிப்பேராகிப்போன ஐஸ் பெட்டி ஒண்ணு. பெருசு, ஆள் படுக்கலாம். நம்ம டெஷி ஊர்ல ஒரு மனுசன் நீளமாப் பலகையும் பெட்டியும் சேக்கிறான்னா நீ என்ன நினைப்பே? தெருவுக்குத் தெரு சவப்பெட்டி ஆசாரி. மீன் மாதிரி, செருப்பு மாதிரி, கேட்ட மாதிரி செஞ்சு தர்றான். நான் என்ன நினைச்சேன் தெரியுமா? எனக்குத்தான் செய்யறாருன்னு நினைச்சேன். சிரிக்காதே. அளவு சரியா இருந்துச்சுப்பா.

இல்ல, அந்த ஐஸ் பெட்டிக்குள்ளதான் தண்ணி வடிகட்டுதாம். வெங்காயச் சாக்கு, உடைஞ்ச பானை ஓடு, அது வழியா ஓடி வந்து மறுபடி மேல ஏறுது. அதுக்கொரு பம்பு, துறைமுகத்துல கழிச்சுப்போட்ட மெஷின்லேர்ந்து கழட்டினது. எனக்கெப்படித் தெரியுமா? கதவு திறந்து கிடந்துச்சு, பாத்தேன். அவரு கடலுக்குப் போயிருந்த நேரம். கதவு திறந்து கிடந்தா வீட்டுக்காரி பாக்கமாட்டாளா? திருடன் கிருடன் வந்தா?

பாத்தா, ஒரு மூலையில பிளாஸ்டிக் குழாயை நிக்க வச்சு, அடியில காத்து ஊதி, மேல நுரை பொங்கி, அந்த நுரை காப்பிக் கலர்ல ஒரு பாட்டில்ல சொட்டுது. குழாய், நுரை, பாட்டில். நீயே சொல்லு, பாத்தா என்ன தோணும்? அடேய், கள்ளச்சாராயம் காச்சறான்டான்னு நினைச்சுட்டேன். எங்கப்பா கட்டின இந்த வீட்டுல போலீசு ஏறினா நான் சபையில எப்படி முகத்தைக் காட்டறது? பாட்டிலைத் திறந்து மோந்து பாத்தேன். ஐயோ. சாராயமா இருந்திருந்தாத் தேவலன்னு ஆயிடுச்சு. தண்ணியில இருக்கற அழுக்கையெல்லாம் அந்த நுரை இழுத்துட்டு வருதாம். கடையில அந்தச் சாமான் விக்கிற விலைக்கு ஒரு மோட்டார் படகே வாங்கலாமாம், இவரு குழாயிலயே செஞ்சுட்டாராம். பார்பர் கடையில பீத்திக்கிட்டிருந்திருக்காரு, என் தங்கச்சி புருசன் வந்து சொன்னான். காசே இல்லாமக் கடல் கட்டிட்டேன்னாராம். எனக்கு அங்கதான் இடிக்குது. ஓசியில எது வந்தாலும் பின்னாடி ஒண்ணு இருக்கும், இல்லையா?

இரு, இறால் கதையைக் கேளு. என் கூடையில இறால் வச்சிருந்தேன். ஒரே ஒரு இறால் காணோம். திருடறவன் கை நிறைய அள்ளுவான், பூனை கூடையைக் கவுக்கும். ஒண்ணே ஒண்ணு எடுக்கறவன் யாரு? மந்திரம் பண்றவன்தான்! தேடிப்போனா, தொட்டிக்குள்ள கிடக்குது. மீனே கிடையாது அப்ப. வெறும் தண்ணி, நடுவுல என் இறால் அழுகிக்கிட்டிருக்கு, மேல நீல வெளிச்சம், முன்னால நாற்காலி போட்டு இந்த மனுசன் உக்காந்திருக்காரு. வாரக்கணக்கா! இறால் அழுகினாத்தான் தண்ணி மீனுக்குப் பக்குவமாகுமாம். ஊறுகாயா அது, பக்குவமாக? அந்த நீல வெளிச்சம் யாரு குடுத்ததுங்கற? எங்க மூத்த பொண்ணு டேடே, குமாசியிலேர்ந்து அனுப்பியிருக்கா. அப்ப அவளும் கூட்டு. அம்மாவுக்கு ஒரு தைலம் அனுப்பத் தெரியாது, அப்பன் தண்ணிக்கு விளக்கு அனுப்பத் தெரியுது.

இதெல்லாம் போகட்டும். தண்ணி எப்ப எடுக்கப் போனாருங்கற? செவ்வாக்கிழமை! நீ நம்ம ஆளு, உனக்குச் சொல்லவேண்டியதில்ல. படகு ஒண்ணுகூட இறங்காத நாள், கடல்சாமி கண்ணை மூடியிருக்கற நாள், யாரும் மீன் பிடிக்கக்கூடாது. அன்னிக்குப் பார்த்து மஞ்சள் கேலன் கேனுங்களைத் தள்ளுவண்டியில ஏத்திக்கிட்டுப் போறாரு. நான் முக்காடு போட்டுக்கிட்டுப் பின்னாலயே போனேன். ஏன்னு கேக்கறியா? வயசான ஆம்பளை அடிக்கடி கடற்கரைக்குப் போனா, தண்ணிக்குத்தான் போறான்னு எந்தப் பொண்டாட்டி நம்புவா?

தண்ணிக்குத்தான் போனாரு. படகு ஓடாத நாள்ல எண்ணெய் மிதக்காதாம், தண்ணி தெளிவா இருக்குமாம். மெக்கானிக் மூளை. பாறைக்குழியில குந்திக்கிட்டு, நாங்க வலையிலேர்ந்து உதறிப்போடற பொடிமீனு, வரி வரியா இருக்குமே, அதைத் தேநீர் வடிகட்டியில பிடிச்சு டப்பாவுல போடறாரு. பெரியவங்க காதுக்குப் போச்சுன்னா ஆட்டை வெட்டிப் பரிகாரம் பண்ணச் சொல்லுவாங்க. நான் யாருகிட்டயும் மூச்சு விடல. நீயும் விடாதே. விட்டா நீதான்னு எனக்குத் தெரிஞ்சுடும், பாத்துக்கோ.

என்ன, அந்த இடத்தையே தட்டறே? உள்ள பொள்ளலா இருக்கற சத்தம் கேக்குதா? இல்லையா? நல்லாக் கேளு.

கட்டிலை நகத்தலாமா? நான் ஏன் நகத்தணும்? எங்கப்பா கட்டின வீடு, கல்யாணத்துலேர்ந்து கட்டில் இங்கதான் இருக்கு. அவருக்குத் தெரியாதா இது எங்க இருக்குன்னு? முப்பது வருசத்துக்கு மேல இதுல படுத்து எந்திரிச்ச மனுசன். மாடியில அவ்வளவு இடம் கிடக்க, கொண்டாந்து என் தலைக்கு மேல வைப்பானேன்? சொல்லு பாப்போம். தண்ணிக்கு விசிறி வேற! சூடு ஆகாதாம் மீனுக்கு. கரண்ட் போனா ஓட டாக்சியோட பழைய பேட்டரி. வெயில்ல தண்ணி குறையக் குறைய அளந்து நல்லதண்ணி ஊத்தறாரு. உப்பு காத்துல போகாதாம், தண்ணி மட்டும்தான் போகுமாம், அதனால உப்புத்தண்ணி ஊத்துனாக் கரிச்சுக் கொன்னுடுமாம். அவ்வளவு அக்கறை. எனக்கு ஒருநாள் ஒரு அட்டையெடுத்து விசிறியிருப்பாரா? நெருப்பு முன்னாலயே நின்ன பொம்பளை நான்.

சண்டையா? அதெல்லாம் ஒரு சண்டையாப்பா? ரிடையர் ஆகி வீட்டுலயே உக்காந்தாரு. நான் முத்தத்துல மீன் சுடறவ, காலையிலேர்ந்து புகைதான். ஆயுசு பூரா ஐஸ் ரூம்ல இருந்த நெஞ்சு, புகை பட்டாலே இருமல். இருமலோட நின்னாப் பரவால்ல, நம்ம வீட்டுல மனுசனையும் மீனையும் ஒண்ணாத்தான் சுடறாங்கன்னு என் சரக்கு வாங்க வந்தவங்க முன்னால சொல்லிட்டாரு. அவளுங்க சிரிச்சாளுங்க. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. இந்தப் புகைதான் உன் பொண்ணைப் படிக்க வச்சுது, ஆகலேன்னா மாடிக்குப் போய்யான்னேன். ஒரு பேச்சுக்குச் சொன்னேன். அந்த மனுசன் அன்னிக்கே பாயைச் சுருட்டிக்கிட்டுப் போயிட்டாரு. திரும்பிக்கூடப் பாக்கல.

எங்கம்மா காலத்துல கல்யாணமானாலும் ஆம்பளைங்க ஒரு வளவுல, பொம்பளைங்க ஒரு வளவுலதான் இருப்பாங்க. பொண்டாட்டிங்க சாயந்திரம் சாப்பாட்டுச் சட்டியைத் தூக்கிட்டுப் போய்க் குடுத்துட்டு வருவாங்க. நாங்க ரெண்டு பேரும்தான் அதை விட்டுட்டு ஒரே அறை, ஒரே கட்டில்னு இருந்தோம். அப்ப ஊரே கேலி பண்ணுச்சு. இப்ப அதே ஊரு என்னைப் பாத்து, பரவால்லியே, பழைய மரியாதைக்குத் திரும்பிட்டீங்கன்னு பாராட்டுது. நானும் சாயந்திரமானாக் சோளமாவுக் கெங்கேயும் மீனும் மிளகாய்ச் சட்னியும் கொண்டுபோய் மேல்படியில வச்சுட்டு வரேன். காலையில சட்டி கழுவிக் கவுத்தியிருக்கும். உப்பு கம்மின்னாவது ஒரு வார்த்தை சொல்லலாமில்ல? வேணும்னே உப்பில்லாம வச்சேன் ஒருநாள். தின்னுட்டுக் கழுவி வச்சுட்டாரு. அழுத்தக்காரரு.

என்னது, தாங்குமா? நல்லாத் தட்டுனியா? அந்த ஈரக்கறை? மழைத்தண்ணி இறங்கினதா? கண்ணாலயே கண்டுபிடிச்சுட்டியாக்கும். பீமு எங்க ஓடுது? ஓ, அதுக்கு மேல குறுக்கா வச்சிருக்காரா. வீட்டுலயே பலமான இடம் அதுதானா? அதனாலதான் அங்க வச்சாருங்கறியா? விவரமான ஆளா? ஏம்ப்பா, அவரு விவரமான ஆளுன்னு சொல்றதுக்கா உன்னைக் கூப்பிட்டேன்? உங்கப்பாவோட சிநேகிதம் பேசுதோ?

சரி, இறங்கு. உக்காரு. இந்தா தண்ணி. அந்தக் கதவை ஒருக்களிச்சு வை.

நான் சொல்றதைக் கேளு. தளம் தாங்கும்னு எனக்குத் தெரியாதுன்னா நினைச்சே? எங்கப்பா கிட்டயே நின்னு போட்ட தளம். இந்த மாதிரித் தொட்டி இன்னும் ரெண்டு வச்சாலும் அசையாது. உனக்கு முன்னால ஒரு மேஸ்திரி வந்தான், அவனும் இதையேதான் சொன்னான். அவனை அனுப்பிட்டுத்தான் உன்னைக் கூப்பிட்டேன். தாங்குமான்னு நான் உன்னைக் கேக்கலப்பா. தாங்காதுன்னு நீ மேல போய் அவருகிட்டச் சொல்லணும்.

நான் சொன்னா நம்பமாட்டாரு. கையில டேப்பு வச்சிருக்கறவன் சொன்னா நம்புவாரு. இவ்வளவு பாரம் தரையிலதான் நிக்கணும், மாடியில ஆகாதுன்னு சொல்லு. கீழ யாரு படுத்திருக்கான்னு நீ சொல்லவேண்டாம், அது அவருக்கே தெரியும். எங்க கொண்டுபோய் வைக்கிறதுன்னு கேப்பாரு. கீழ கூடத்துல சுவர் ஓரமா நல்ல இடம் காலியா இருக்குன்னு சொல்லு. நீயா பாத்த மாதிரி சொல்லு. அலமாரியையெல்லாம் நான் வெளிய தள்ளியாச்சு. புகைன்னு ஆரம்பிப்பாரு. மீனுக்குப் புகை ஆகாதும்பாரு, தனக்கு ஆகாதுன்னு வாயைத் திறக்கமாட்டாரு. அடுப்பு முத்தத்துல இல்லியே, நான் பாக்கலியேன்னு சொல்லு. நிசமாத்தான் இல்ல. இடிச்சுட்டேன். இப்ப என் தங்கச்சி வீட்டுப் பின்னாலதான் சுடறேன். எப்ப இடிச்சேனா? அது எதுக்கு உனக்கு?

அவருக்கு ஒரு முட்டியில வலி. தொட்டி கீழ வந்துட்டா, மீன் நல்லா இருக்கான்னு பாக்க நெனச்ச நேரமெல்லாம் படி இறங்கி ஏற முடியாது. தொட்டி இருக்கற இடத்துலதான் மனுசனும் படுக்கணும். அதை நீ சொல்லாதே, தானா வரும்.

நான் சொன்னேன்னு தெரியக்கூடாது. என்னைப் பத்திக் கேட்டாலா? கேக்கமாட்டாரு. கேட்டாருன்னா... இந்தக் கட்டில்ல சுவர் ஓரமா அவரு படுத்த பக்கத்துல நான் இன்னிவரைக்கும் படுக்கறதில்லன்னு... வேண்டாம் வேண்டாம், அதெல்லாம் சொல்லாதே. மூஞ்சியைக் கொஞ்சம் கவலையா வச்சுக்கோ. தளம் தாங்காதுன்னு மட்டும் சொல்லு, போ.