பின்விளிம்பு இரண்டு விரல் கீழே

— விலையை மட்டும் இன்னொரு தடவை சொல்லுங்க. காதுல சரியா விழல.

— விழுந்துச்சு. உன் முகத்துலயே தெரியுது.

— விழுந்தது தப்பா இருக்கட்டும்னு இன்னொரு வாய்ப்புக் கொடுக்கிறேன்.

— நாம வாங்கப் போற ஓவனோட விலை. அதுக்கு மேல அதுல கால்வாசி.

— ஒரு மோட்டார் சைக்கிளுக்கு.

— சாதாரண மோட்டார் சைக்கிள் இல்ல, தாயே. ஸ்போர்ட்ஸ் பைக். புதுசா எடுத்தா இதைப்போல ரெண்டு மடங்கு.

— முதல்ல உட்காருங்க. காலைக் கழட்டி அந்தப் பெஞ்சு மேல வைங்க. காலையில எட்டு மணிக்கு மாட்டினது. இடுப்பு ஒரு பக்கமாச் சாயுது. ஊருக்கெல்லாம் கால் செஞ்சு கொடுக்கிறவர், தன் கால் கடிக்கிறதை மட்டும் பெண்டாட்டிகிட்ட வாய் திறந்து சொல்ல மாட்டார்.

— கடிக்கல.

— கழட்டுங்க.

— சரி, கழட்டியாச்சு. இப்போ பேசலாமா?

— பேசுங்க. எதுக்கு அந்த வண்டி? முழுசாச் சொல்லுங்க, பாதியில நிறுத்தாதீங்க.

— ஒரு ஆசைதான்.

— இருபத்தொரு வருஷமா ஒரு பைக்கையும் நீங்க திரும்பிப் பார்த்ததில்ல. தெருவுல ஒண்ணு உறுமிக்கிட்டுப் போனா ரேடியோ சத்தத்தைக் கூட்டுவீங்க. இன்னைக்குத் திடீர்னு எங்கேயிருந்து முளைச்சுது ஆசை?

— மனுஷன் மாறக் கூடாதா?

— மாறலாம். நாப்பத்தொன்பது வயசுல, இடது முழங்காலுக்குக் கீழ பிளாஸ்டிக் காலோட, பெட்ரோல் டாங்க் மேல படுத்துக்கிட்டு ஓட்டற வண்டிக்குத்தான் மாறணுமா? அந்த ஸ்டூலை விட்டு இறங்கும்போதே 'அம்மா'ன்னு ஒரு சத்தம் வருது.

— அது ஸ்டூலோட சத்தம்.

— ஸ்டூலுக்கு அம்மா கிடையாது.

— சரி, லாபநஷ்டமாவே பேசுவோம். அது மதிப்புக் குறையாத வண்டி. வச்சிருந்து வித்தாலும் கையைப் பெரிசாக் கடிக்காது.

— டயர்?

— கொஞ்சம் சீக்கிரம் தேயும்.

— இன்சூரன்ஸ்?

— அதுவும் கொஞ்சம் கூட.

— நம்ம தெருவுல என்னைக்காவது யாராவது மூணாவது கியர் போட்டுப் பார்த்திருக்கீங்களா? முனைக்கு முனை பள்ளம், பள்ளத்துக்குப் பள்ளம் நாய். இங்க அந்த வண்டியை வச்சிருக்கிறது, யானையைக் கொண்டு வந்து குளியலறையில கட்டற மாதிரி.

— யானைன்னு சொன்னதும் எனக்கு இன்னும் ஆசையா இருக்கு.

— சிரிக்காதீங்க. அதோ நிக்குதே ஓவன், அதோட கதவைக் கம்பி போட்டுக் கட்டி வச்சிருக்கோம். போன வாரம் கால் செய்யற பிளாஸ்டிக் ஷீட் ரெண்டு, ஒரு பக்கம் இளகி ஒரு பக்கம் இளகாம, குப்பைக்குப் போச்சு. மூணு வருஷமா நாம சேர்த்தது அதுக்குத்தான். இனி இது நின்னா கடையும் நின்னுடும்னு சொன்னது நீங்க.

— சொன்னேன். மறக்கல.

— யாரோட வண்டி?

— தெரிஞ்சவங்க ஒருத்தர்.

— அந்த ஒருத்தர் எங்க வேலை செய்யறார்? எனக்கும் தெரிஞ்சவரா?

— நீ போலீஸ்ல சேர்ந்திருக்கணும். இங்க உட்கார்ந்து காலுக்கு வார் தைச்சு வீணாப் போறே.

— வார் தைக்கிறவ கண்ணுக்கு ஒரு நூல் விலகினாலும் தெரியும். அதனால இன்னொண்ணும் கேட்கிறேன். காலையில அந்தக் கணக்கு டீச்சரோட மிச்சக் கால் உட்கார்ற சாக்கெட்டை ஓரம் தேய்க்கச் சொல்லிக் கொடுத்தீங்களே.

— ஆமா. நாளைக்குப் பத்து மணிக்கு வர்றாங்க, முதல் தடவை மாட்டிப் பார்க்க.

— அதுல பின்விளிம்பைத் தப்பா வெட்டியிருக்கீங்க.

— எங்க?

— இதோ, முழங்காலுக்குப் பின்னாடி வர்ற ஓரம். ரெண்டு விரல் கீழ இறங்கியிருக்கு. இவ்வளவு இறக்கினா நடக்கும்போது பிடிமானம் போதாதுன்னு எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீங்கதான். முழங்காலை நல்லா மடக்கி உட்கார வேண்டியவங்களுக்குத்தான் இப்படி வெட்டுவோம். அந்தச் சைக்கிள் பந்தயக்காரருக்கு வெட்டினோம்.

— கை தவறியிருக்கும்.

— உங்க கை தவறி நான் பார்த்ததில்ல. சரி, இந்தப் பாதம்? விரல் பக்கம் அமுக்கிப் பார்த்தேன். கட்டை மாதிரி விறைப்பா இருக்கு. நாள் முழுக்கக் கரும்பலகைக்கும் மேசைக்கும் நடக்கிறவங்களுக்கு வளையற பாதம்தானே போடுவோம்? இது எதையோ கீழேயிருந்து மேல நெம்பறதுக்குன்னு தேடிப் பிடிச்சுப் போட்ட பாதம்.

— அப்படியா தெரியுது?

— பைக்குல கியரை இடது காலாலதானே மாத்தணும்?

— ஆமா.

— அவங்களுக்குப் போனதும் இடது கால்தானே?

— ஆமா.

— அப்போ வண்டி டீச்சரோடது.

— ஆமா.

— முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கப் பார்த்தீங்க. சோறு பத்தல.

— மறைக்கணும்னு இல்ல. உன்கிட்ட எந்த முனையில ஆரம்பிக்கிறதுன்னு தெரியல.

— அந்த வண்டியாலதான் கால் போச்சா?

— இல்ல. ஏதோ ஒரு மதில் இடிஞ்சு மேல விழுந்திருக்கு. வண்டி பாவம், அன்னைக்கு வீட்டுல நின்னுச்சு. அச்சு எடுக்கும்போது பிளாஸ்டர் காயற வரைக்கும் அசையாம உட்காரணும் இல்லையா, அப்போ சொன்னாங்க. சாயந்தரமெல்லாம் டியூஷன் எடுத்து, அஞ்சு வருஷம் சேர்த்து வாங்கினதாம். இவ்வளவு பணத்தைக் கொட்டணுமா, ஒரு ஸ்கூட்டர் போதாதான்னு நானும் உன்னை மாதிரியே கேட்டேன்.

— என்ன சொன்னாங்க?

— 'வாரம் முழுக்க என்னை யாராவது எதையாவது கேட்டுக்கிட்டே இருப்பாங்க, சார். வகுப்புல பசங்க, ஆபீஸ்ல ஹெட்மாஸ்டர், வீட்டுல அம்மா. ஞாயித்துக்கிழமை விடியும்போது அந்த வண்டியில ஏறினா, ரெண்டு மணி நேரம் ஒருத்தரும் ஒண்ணும் கேட்க முடியாது. அந்த ரெண்டு மணி நேரத்தை வருஷத்துக்குப் பெருக்கி, விலையை அதால வகுத்துப் பார்த்தேன். கட்டுபடியாச்சு'ன்னாங்க.

— கணக்கு டீச்சர் வகுத்தா சரியாத்தான் இருக்கும். அப்புறம் எதுக்கு விக்கறாங்க?

— அவங்க அம்மா விக்கச் சொல்றாங்க. பார்க்கும்போதெல்லாம் மனசு பதறுதாம். நாளைக்கு மத்தியானம் ஒருத்தர் வந்து எடுத்துட்டுப் போறார்.

— விக்காதீங்கன்னு டீச்சர்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதானே? அதுக்கு எதுக்கு நம்ம பணம்?

— சொல்லிப் பார்த்தேன். துணி போட்டு மூடி வச்சாங்களாம். 'மூடி வச்சா இன்னும் நல்லாத் தெரியுது, சார்'னாங்க. அதான், பிளாஸ்டர் மூட்டை அடுக்கற அறையில கொண்டு வந்து நிறுத்திடலாம்னு ஒரு யோசனை. பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை பேட்டரிக்குச் சார்ஜ் போட்டா போதும். என்னைக்கு வந்து கேட்கிறாங்களோ, அன்னைக்கு வாங்கின விலைக்கே கொடுத்துடலாம்.

— கேட்கவே இல்லேன்னா?

— நஷ்டத்துக்கு வித்துடலாம்.

— ஓவன்?

— அங்கதான் வந்து நிக்கறேன். மூணு நாளா அதே இடத்துல நிக்கறேன்.

— நான் ஒண்ணு சொல்றேன், கோபப்படாதீங்க. வண்டி இல்லாம ஒரு மனுஷி வாழ முடியாதா? நீங்க வாழலையா? இந்தக் கடையை வச்சீங்க. படுத்துக் கிடந்தவங்களை எல்லாம் எழுப்பி நடக்க விட்டீங்க. நம்ம ரெண்டு பிள்ளைங்களைப் படிக்க வச்சீங்க. உங்க பழைய வண்டி வீட்டுல இருந்திருந்தா இதுல என்ன கூடியிருக்கும்?

— ஒண்ணும் கூடியிருக்காது.

— அப்புறம்?

— நானே கூட அதை வித்திருப்பேன்னு தோணுது. அதில்ல விஷயம். அந்த லாரிக்காரன் இடிச்சதுல எனக்குக் கால் போச்சு, வண்டிக்கு ஒரு கண்ணாடிதான் போச்சு. நாலு நாள் நினைவில்லாம கிடந்து, கண்ணு முழிச்சு, காலைப் பார்த்து, அழுது ஓய்ஞ்சு, கடைசியில அண்ணன்கிட்ட கேட்டேன்: 'வண்டி எங்கடா?' ஜன்னலைப் பார்த்துக்கிட்டே சொன்னான்: 'வித்துட்டேன்.'

— தெரியும்.

— காலை எடுக்கும்போது என்னைக் கேட்கல. சரி, டாக்டர் உயிரைப் பார்த்தார். வண்டியை விக்கவுமா கேட்கக் கூடாது? எழுந்து நடக்க நாலு மாசம் ஆச்சு. வாசல் வரைக்கும் நடப்பேன். வண்டி நின்ன இடத்துல எண்ணெய்க் கறை இருக்கும். அதைப் பார்த்துட்டுத் திரும்பிடுவேன். வேணும்னு சொல்லவோ வேணாம்னு சொல்லவோ எனக்கு ஒரு வாய் இருக்குன்னு அவனுக்குத் தோணல பாரு. கால் போனதை என்னைக்கோ மறந்துட்டேன். அதை மட்டும் மறக்க முடியல.

— அதனாலதான் இன்னைக்கும் அவர் வந்தா முகம் கொடுத்துப் பேசறதில்ல.

— பேசறேனே. 'வா. சாப்பிட்டியா? போயிட்டு வா.'

— அந்த மூணு பேச்சுக்காக வருஷா வருஷம் பஸ் ஏறி வர்றார் அந்த மனுஷன்.

— இப்போ எதுக்கு அவன் பேச்சு? டீச்சர் விஷயம் பேசு.

— ம்.

— எழுந்து எங்க போறே? அங்க என்ன தேடறே?

— அலமாரிச் சாவி.

— எதுக்கு?

— ஓவன் பணமும் கடைச் செலவுப் பணமும் அதுலதானே இருக்கு? மத்தியானம் அந்த ஆள் வர்றதுக்கு முன்னாடி, பத்து மணிக்கு டீச்சர் வரும்போதே கொடுத்துடுங்க. கொடுக்கும்போது தெளிவாச் சொல்லுங்க: வண்டி இங்க நிக்கும், வேணும்னாலும் வேணாம்னாலும் அவங்க வாயாலதான் சொல்லணும், அவங்க அம்மா சொன்னா நாம கேட்டுக்க மாட்டோம்.

— நிஜமாவா சொல்றே?

— அப்புறம், இந்தச் சாக்கெட்டைத் தனியா எடுத்து வைங்க. முறையா வெட்டின பின்விளிம்போட, வளையற பாதம் போட்டு, நடக்கிறதுக்குன்னு ஒண்ணு செய்யுங்க. முதல்ல மனுஷி நடக்கட்டும்.

— நாளைக்குள்ள முடியாதே.

— நாளைக்கு வந்தா அளவு மட்டும் சரி பாருங்க. தப்பு நம்மளோடதுன்னு ஒத்துக்கிட்டு ஒரு வாரம் கேளுங்க.

— சரி. ஓவன்?

— கதவுக்கு இன்னொரு சுத்துக் கம்பி கட்டிக்கலாம்.

— தாயே, நான் விடிய விடியச் சண்டைக்குத் தயாரா வந்தேன். நீ இவ்வளவு சுலபமா இறங்கி வருவேன்னு நினைக்கல.

— சுலபமா இல்ல. உங்களுக்கு ஒரு வேலை இருக்கு. உங்க அண்ணனுக்குப் போன் போடுங்க.

— அவனுக்கா? எதுக்கு, கடன் கேட்கவா?

— மன்னிப்புக் கேட்க.

— நானா? செஞ்சது அவன், மன்னிப்புக் கேட்கிறது நானா? நல்ல நியாயமா இருக்கே.

— அவர் செய்யல. ஆஸ்பத்திரி வராந்தாவுல, 'அவன் கண்ணு முழிக்கட்டும்மா, அவனையே ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்'னு அவர் எவ்வளவோ சொன்னார். நான்தான் கேட்காம, வாங்கறவரை வரச் சொல்லி, என் கையாலயே சாவியைக் கொடுத்தேன். அதுக்கப்புறம் உங்க அண்ணன் ஒண்ணே ஒண்ணுதான் சொன்னார்: 'கேட்டா நான் வித்தேன்னு சொல்லிடறேன். நீ அவன்கூட வாழ வேண்டியவ.'