சத்தம் இல்லாத படம்

மூதூர் பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள். மூத்தவள் போனில், சத்தமே இல்லாமல், ஒரு வயற்காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள்.

“சத்தத்தைக் கூட்டுங்கோவன் அக்கா. ஆரோ கமக்காரன் வாயசைக்கிறது மட்டும்தான் தெரியுது.”

“அது என்ர மனுசன். ஈச்சிலம்பற்றில படம் எடுக்க வந்தவை, எங்கட எருமையைக் கூப்பிடச் சொல்லி அவரையும் எடுத்தவை. இப்ப வீட்டில சத்தம் வைச்சுப் பாத்தா, எருமை வாசலுக்கு ஓடி வருது. அவர் செத்தது அதுக்குத் தெரியாதுதானே. அவரைக் காணாமல் நிண்டு கத்தும். எனக்குக் கேட்டுக்கொண்டிருக்க ஏலாது. அதால சத்தம் இல்லாமலே பாத்துப் பழகிட்டன்.”

“ஓம்... அப்ப எருமையை வித்துப்போடுங்கோவன்.”

“வித்தா, அவர் கூப்பிடேக்க ஆர் வாறது?”