கொடுத்தது கொடுத்ததுதானே

எனக்குக் கை நடுங்காது, இன்ஸ்பெக்டர். அதனால்தான் பேக்கரியில் கேக் மேல் பெயர் எழுதும் வேலையை என்னிடமே விட்டிருக்கிறார்கள். எவ்வளவு நீளமான பெயரானாலும் கடைசி எழுத்து ஓரத்தில் போய் முட்டாது. அந்த வேலைக்கு முன்னால் காப்ஸ்யூலைத் திறந்து மூடுவதெல்லாம் ஒன்றுமே இல்லை.

தம்பிமேல் எனக்குக் கோபம் கிடையாது, அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். கோபம் இருந்தால் என் சிறுநீரகங்களில் ஒன்றைக் கொடுத்திருப்பேனா? ஆபரேஷனுக்கு முன்னால் "அக்கா, அக்கா" என்று என் கையை விடமாட்டான். அவன் மனைவி மாடி அறையை ஒழித்துக் கொடுத்து, "இனிமே நீங்க எங்ககூடத்தான் அண்ணி" என்றாள். தேன் ஒழுகப் பேசுவாள்.

வெளியாளின் உறுப்பு உள்ளே வந்தால், உடம்பின் காவல் அதை விரட்டப் பார்க்குமாம். அந்தக் காவலை அடக்கி வைக்கத்தான் காலையும் மாலையும் காப்ஸ்யூல், உயிருள்ளவரை. எடுத்துக் கொடுப்பது என் பொறுப்பு. சின்ன வயதிலிருந்தே நான் அவன் கையில் எதை வைத்தாலும் பார்க்காமல் வாயில் போட்டுக்கொள்வான்.

அவ்வப்போது நினைவூட்டுவேன், அவ்வளவுதான். உப்பை அள்ளிப் போட்டால், "அது என்னோட கிட்னி, பாத்து" என்பேன். வேகமாகப் படியேறினால் சொல்வேன். நண்பர்களோடு சத்தமாகச் சிரித்தாலும் சொல்வேன். ஒருநாள் சாப்பிடும்போது தட்டைத் தள்ளிவிட்டான்.

"குடுத்தது குடுத்ததுதானே அக்கா. அதையே எத்தனை தடவ சொல்லிக் காட்டுவ?"

அவன் மனைவி தட்டை எடுத்துக்கொண்டே, "பக்கத்துத் தெருவுல நல்ல லேடீஸ் ஹாஸ்டல் இருக்கு அண்ணி" என்றாள். கறிவேப்பிலை மாதிரி என்னை ஓரமாக எடுத்து வைத்தார்கள். ஆனாலும் முகம் கோணாமல் சாப்பிட்டு முடித்தேன்.

மறுநாள் காப்ஸ்யூல்களைப் பிரித்து, உள்ளேயிருந்த தூளைத் தொட்டியில் கழுவிவிட்டுச் சோள மாவை நிரப்பினேன். விஷமா வைத்தேன்? சோள மாவு சாப்பிட்டு யாரும் கெட்டுப்போனதில்லை. ரத்தத்தில் மருந்து எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் பரிசோதனை வரும்போது மட்டும் சில நாள் முன்னாலிருந்தே நல்ல காப்ஸ்யூலைக் கொடுத்துவிடுவேன். டாக்டரிடம் பாவம் அவன் திட்டு வாங்கக் கூடாதே.

அவனுக்கு முகம் வீங்கியது. சிறுநீர் நின்றது. ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் எங்களுக்கு விளக்கினார்.

"உடம்பு அந்தக் கிட்னியோட சண்டைக்குப் போயிடுச்சும்மா. சண்டை நடந்தது ரத்தக்குழாய்ச் சுவர்ல. சுவர் புண்ணானா ரத்தம் உறைஞ்சு அடைக்கத்தான் பாக்கும். குட்டிக் குட்டிக் குழாயெல்லாம் அடைச்சு, கிட்னிக்கு ரத்தமே போகல."

அவன் ரத்தம், அவன் காவல், அவன் சண்டை. இதில் நான் எங்கே வருகிறேன், சொல்லுங்கள்? அந்தக் கிட்னியை அறுத்து எடுத்த பிறகு, அதைப் பார்க்கலாமா என்று கேட்டேன். என்னுடையதுதானே. கறுத்துச் சுருங்கியிருந்தது. அவனிடம் கொடுத்தபோது அப்படியா இருந்தது? டாக்டர் என்னையே ஒரு மாதிரி பார்த்தார். காப்ஸ்யூல் டப்பாவைக் கொண்டுவரச் சொன்னது அதற்கப்புறம்தான்.

இப்போது இயந்திரம்தான் அவன் ரத்தத்தைச் சுத்தம் செய்கிறது. படுக்கையில் கிடந்தபடி மறுபடியும் "அக்கா" என்று கூப்பிட்டான். அது போதும் எனக்கு. நீங்கள் வந்து அவனிடம் விஷயத்தைச் சொன்னதற்கு அப்புறம் கூப்பிடவில்லை.

ஆமாம், நான்தான் செய்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும்? அவன் மனைவியின் சிறுநீரகம் பொருந்துகிறதாம். பொருந்தட்டும், நல்லதுதான். சீக்கிரம் என்னை அனுப்பிவிடுங்கள். வேளை தவறாமல் அவனுக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்க என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?